வழித்துப் போட்ட கசடு

அக்கா,

இன்று காலை மண்ணூர்பேட்டையில் உங்கள் வண்டிக்குக் கியர் பாக்ஸ் ஆயில் வாங்கினேன். சரியான ஆயில்தானா என்று பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் டின்னின் மூடியைத் திறந்து நீட்டினார். ரோஜா சர்பத் போன்ற அதே சிவப்பு. மண்ணெண்ணெயில் கொஞ்சம் இனிப்பைக் கலந்தது போன்ற அதே வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, ஆயிலப் பாத்து சிரிக்கிற?" என்றார்.

"பழைய ஞாபகம்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை அவரிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? உங்களிடம் என்றால் ஆரம்பம் தேவையில்லை. ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அப்பா ஆவடி ஃபாக்டரி கேன்டீனில் ஓய்வு பெற்று, நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மேனாம்பேட்டில் உங்கள் மாடிக்குக் குடிவந்தபோது, நான் உங்களோடு பேச மூன்று மாதம் ஆனது. எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். பாகங்களோடு எனக்குச் சிக்கல் இல்லை. அவை கேள்வி கேட்பதில்லை. மனிதர்களைக் கண்டால்தான் தலை தானாகக் குனிந்துகொள்ளும். நீங்கள் கீழே காய் நறுக்கிக்கொண்டே, "ஏ பொண்ணே, படிக்கட்டு எங்கயும் போவாது. நிமிந்து பாத்து ஏறு" என்பீர்கள். நான் இன்னும் வேகமாக ஏறிவிடுவேன்.

உங்கள் வாசலில் அந்த வெள்ளைக் கார் நிற்கும். உங்கள் தம்பி புது வண்டி வாங்கியபோது உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய ஆட்டோமேட்டிக். கிளட்ச் என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்குகிற பெண்களாகப் பார்த்துப் பிடித்து, அந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். டீச்சர்கள், நர்சுகள், கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டரைக்கூடத் தொடாதவர்கள். அது உங்களுக்குப் பிழைப்பு. அதைவிட, உங்கள் வீட்டு ஆண்கள் யாரும் "இதெல்லாம் வேலைக்காவாது" என்று சொல்ல முடியாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரே விஷயம்.

அது ஒருநாள் உதைக்க ஆரம்பித்தது. கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து முட்டுவது போல ஒரு குலுக்கல். கரையான்சாவடி மெக்கானிக் அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சுக்கா. இந்த ஆட்டோமேட்டிக்குலாம் தொறந்தா மூட முடியாது. வந்த விலைக்கு வித்துடு" என்றார். அன்று மாலை நீங்கள் படிக்கட்டில் என்னை வழிமறித்தீர்கள்.

"நீ இன்ஜினியருதானே? சொல்லு. போச்சா, இல்ல நல்லா கீதா?"

"அடியில இருக்கற ஆயில் சம்ப்பத் திறந்து பாத்தா ஓரளவு தெரியலாம்க்கா" என்றேன், உங்கள் முழங்கையைப் பார்த்து.

"அப்ப தொற."

அதுவரை நான் ஒரு கியர் பாக்ஸைக்கூடத் திறந்ததில்லை. அதை உங்களிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மாடிக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். சம்ப் என்பது கியர் பாக்ஸின் அடிவயிற்றில் போல்ட் போட்டு மூடியிருக்கும் ஒரு தகரத் தட்டு. உள்ளே தேய்வதெல்லாம் எண்ணெயோடு இறங்கி அந்தத் தட்டில் படியும். நடுவில் ஒரு காந்தம் இருக்கும். இரும்புத் தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மை போல நைசாக இருந்தால் அது வயதாவதன் தேய்மானம், பயமில்லை. மின்னும் துணுக்குகளும் சில்லுகளும் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, வண்டியை விற்றுவிட வேண்டியதுதான். ஆகவே முக்கியம் தட்டு அல்ல, தட்டில் கிடக்கும் கசடு. இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் யாரிடமும் தேவைக்கு மேல் ஒரு வாக்கியம் பேசாதவளாயிற்றே.

ஞாயிறு காலை. பின்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரவல் வாங்கிய ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். அடியில் விரிக்க உங்கள் அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் பேனரைக் கொண்டு வந்தீர்கள். தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்க, அவர்கள் மேல் நான் மல்லாந்து படுத்தேன். ஒரு பக்கத்து போல்ட்டுகளை மட்டும் தளர்த்தியதும் சம்ப் சரிந்து, எண்ணெய் கறுப்பாகப் பழைய பிளாஸ்டிக் அன்னக்கூடையில் இறங்கியது. பாதி என் காதிலும் இறங்கியது.

"மாமன்மாருங்க எல்லாம் கறுத்துப் போய்ட்டாங்க பாரு" என்றீர்கள்.

சம்ப்பை அலுங்காமல் எடுத்துப் பேனரின் ஓரத்தில் வைத்தேன். கடை திறந்திருக்கும், கேஸ்கட்டையும் ஃபில்டரையும் வாங்கி வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் குழாயடியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. துவைக்கிற கல் மேல், இட்லிப் பானைக்குப் பக்கத்தில், சம்ப் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளித் தாம்பாளம் போல மின்னியது. நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக் குங்குமம் இட்டிருந்தீர்கள். காந்தத்துக்கும் ஒரு பொட்டு.

"அக்கா, இதுல இருந்த அழுக்கு?"

"ஒரு பொட்டு கெடையாது. தேங்கா நாரு போட்டு தேச்சுட்டேன்."

"அந்த அழுக்கப் பாக்கத்தான்க்கா கழட்டினோம்."

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "அழுக்கப் பாக்கவா? கழுவத்தான் கழட்டுறேன்னு நெனச்சேன். அழுக்க இன்னாத்துக்குப் பாக்கணும்?"

அப்போதுதான் முழுவதும் சொன்னேன். மை, துணுக்கு, சில்லு எல்லாம். நான் உங்களிடம் தொடர்ந்து பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். கேட்கக் கேட்க உங்கள் முகம் சுருங்கியது. சட்டென்று நிமிர்ந்தீர்கள்.

"தண்ணில போவல. மொதல்ல பேப்பர்ல வழிச்சுட்டுத்தான் நாரு போட்டேன். எண்ணெச் சட்டிய அப்படியே கழுவினா ஜலதாரி அடைச்சுக்கும்ல. காந்தத்துல இருந்த மசியக்கூட அதே பேப்பர்லதான் தொடச்சேன்."

"பேப்பர் எங்க?"

குப்பை வண்டியின் பாட்டு தெருக்கோடியில் கேட்டது. இருவரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"ஓடு" என்றீர்கள்.

ஓடினேன். காதில் ஆயில், கையில் கேஸ்கட். வண்டி முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. பாட்டு அலறுகிற வண்டியை வாயைத் திறக்காமல் எப்படி நிறுத்துவது? கையை ஆட்டினேன். வாசல்களில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், வண்டி பார்க்கவில்லை. பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது: "கத்துடி. வாய இன்னாத்துக்கு வெச்சினுகீற?"

"நிறுத்துங்க" என்று கத்தினேன். அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்தது என்று நம்பச் சற்று நேரம் பிடித்தது. வண்டி நின்றது. பாட்டும் நின்றது. தெருவே அமைதியானது.

வண்டி ஓட்டி வந்த அம்மா இறங்கி வந்தார். "இன்னாம்மா, கம்மலப் போட்டுட்டியா?"

"இல்லைங்க. அழுக்கு."

"அழுக்கா? அத்தத்தான் நாங்க வாரிகினு போறோம்."

சொல்லிப் புரியவைத்ததும் அவரே குப்பையைக் கிளறினார். நாலைந்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். கறுப்பாகக் கசங்கிய அந்தத் தாள் கிடைத்தபோது ஒருவர் கைகூடத் தட்டினார். இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தேன்.

வெயிலில் விரித்தோம். விரலில் தொட்டுத் தேய்த்தேன். சாம்பல் நிறம், கண்மையின் நைசு. மூலைக்கு மூலை பார்த்தேன். நிம்மதியாக மூச்சு விடத் தொடங்கியபோது, மடிப்பின் நடுவில் ஒன்று மின்னியது. மெல்லிய, வட்டமான, பளபளக்கும் ஒரு சில்லு.

உங்களுக்கும் அது தெரிந்துவிட்டது. கார் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் நாளைக்கு வரவேண்டிய டீச்சரும் நர்சும் இருந்தார்கள். உங்கள் தம்பி சொல்லப்போகும் "நான் அப்பவே சொன்னேன்" இருந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனேன். ஒட்டவில்லை. பித்தளையாக இருந்தால் ஒட்டாது, அது இன்னும் மோசம். நகத்தால் எடுத்து வளைத்தேன். வளைந்தது, திரும்ப நிமிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"அக்கா, இது மீன் வாசனை அடிக்குது."

வாங்கிப் பார்த்தீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சிரிக்கத் தொடங்கினீர்கள். "சங்கரா செதிலுடி. யார் ஊட்டு மீனோ கலந்துகினு வந்துருக்குது." சிரித்துச் சிரித்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள். நானும் சத்தமாகச் சிரித்தேன். மாடியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார், யார் இப்படிச் சிரிப்பது என்று.

சிரிப்பு அடங்கியதும் கேட்டீர்கள். "இப்ப சொல்லு. நல்லா கீதா?"

"நல்லா இருக்கற மாதிரிதான் தெரியுதுக்கா. பழைய ஆயிலும் அடைச்ச ஃபில்டரும்தான் காரணமா இருக்கலாம்."

"மாதிரி வாணாம். நாளைக்கு இந்த வண்டில நாலு பொண்ணுங்கள உக்கார வெக்கணும். மூஞ்சப் பாத்து ஒண்ணு சொல்லு. நீ சொன்னா ஓட்டறேன், இல்லன்னா வித்துடறேன்."

உங்கள் முகத்தைப் பார்த்தேன். மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஆயில் இருந்தது. தவறாகச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கசடையும் பார்த்திருந்தேன்.

"நல்லா இருக்கு. ஓட்டுங்க."

மூடுவதற்கு மாலை ஆனது. போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, புதுச் சிவப்பு ஆயிலை ஊற்றி, எல்லாக் கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, அளவு பார்த்தோம். முதல் கிலோமீட்டரில் இரண்டு முறை லேசாக முட்டியது. நான் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் முட்டவில்லை. நீங்கள் வேண்டுமென்றே கரையான்சாவடி வரை விட்டு, மெக்கானிக் கடை வாசலில் நடக்கிற வேகத்தில் போனீர்கள்.

"இன்னாக்கா, விக்கலியா?" என்றார் அவர்.

"என் ஊட்டு இன்ஜினியரு நல்லா கீதுன்னு சொல்லிச்சு" என்றீர்கள். நான் தலையைக் குனியப் பார்த்தேன். நீங்கள் ஹாரனை அடித்து என்னை நிமிர வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அந்த வண்டியில் எத்தனையோ பெண்கள் கற்றுக்கொண்டார்கள். நானும்தான். போன வருடம் ஒரு காலையில், காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். உங்கள் மகள் வண்டிச் சாவியை என் கையில் வைத்து, "அம்மா உன்கிட்ட குடுக்கத்தான் சொல்லும்" என்றாள்.

அன்றைக்கு நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். உங்கள் மாணவிகள் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கொரு கார், தாங்களே ஓட்டிக்கொண்டு. நம் தெருவுக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு அழுதுகொண்டே உள்ளே வந்தார்கள். உங்களை எடுத்துப்போக வந்த வண்டி முனையிலேயே நின்றுவிட்டது. ரிவர்ஸ் எடுத்து ஒதுங்க அவர்களில் ஒருவருக்கும் ஒழுங்காக வராது. "பின்னாடி போறதுக்கா வண்டி கத்துக்கினீங்க" என்று நீங்கள்தான் அதை மட்டும் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டீர்கள். ஆண்கள் சாவியைக் கேட்டார்கள். ஒருத்திகூடக் கொடுக்கவில்லை.

அதனால் நான் தெரு நடுவில் போய் நின்றேன். மேளத்தை நிறுத்தச் சொன்னேன். "டீச்சர், ஸ்டியரிங்க லெஃப்ட்ல ஒடிங்க. வாங்க, வாங்க, போதும். நர்ஸக்கா, நீங்க நேரா வாங்க. பிரேக்குல கால வைங்க, பயப்படாதீங்க." ஒவ்வொரு காராகப் பெயர் சொல்லிக் கத்திக் கத்தி வெளியே எடுத்தேன். யாரும் மதிலில் இடிக்கவில்லை. தெரு காலியானதும் உங்களை எடுத்துப்போகும் வண்டி உள்ளே வந்தது.

சடங்கெல்லாம் முடிந்தபோது என் குரல் சுத்தமாகப் போயிருந்தது. பாவம், அழுதே தொண்டை கட்டிவிட்டது என்று எல்லாரும் எனக்கு வெந்நீர் கொடுத்தார்கள். நான் மறுக்கவில்லை. உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அழவே நேரம் கிடைக்கவில்லை அக்கா. முழுக்கக் கத்தியதால்தான்.