அவன் கணினியில் மட்டும்

7 ஜூலை 2025, திங்கள்

பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகத்துக்குக் கீழே உள்ள கடையில், நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் டீயின் கிளாஸ் சிறுத்துவிட்டது. கேட்டால் அதே கிளாஸ்தானாம். யாரை நம்புவது?

புதிதாகச் சேர்ந்த யுகேந்திரன் இன்றும் வந்து நின்றான். பழைய விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் எங்கள் இடைமென்பொருள் அவன் கணினியில் மட்டும் விழுகிறதாம். கோப்பின் ஒரு துண்டை நினைவகத்தில் விரிக்கும்போது ‘ஆஃப்செட் செல்லாது’ என்று பிழை. அதாவது, துண்டு தொடங்கும் இடத்தைக் கணினி ஏற்கவில்லை. என் கணினியில் ஓட்டினேன். குதிரை மாதிரி ஓடுகிறது. அந்தப் பகுதியை ஆறு வருடத்துக்கு முன் எழுதியவள் நான். இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

10 ஜூலை

“அக்கா, என் மிஷின்ல ஒரு தடவ ஓட்டிப் பாருங்களேன்.” இது மூன்றாம் முறை. எதற்கு? என் கை பட்டுத்தான் கெட்டது என்று சொல்லவா? போகவில்லை.

மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் என் பழைய நிரலைப் படித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் திரையை மாற்றினான். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

16 ஜூலை

மேனேஜர் எவலின் கூப்பிட்டார். “வெள்ளிக்கிழமை அவனோட ப்ரொபேஷன் முடியுது. கன்ஃபர்ம் பண்ணலாமா?”

“அவனே எதையோ கெடுத்துட்டு என் கோட் மேல பழி போடறான்” என்றேன்.

“ஷுவரா?”

“ஷுவர் லா.”

18 ஜூலை

யுகேந்திரனை வேலையில் உறுதி செய்யவில்லை; தினமும் அவ்வளவு தூரம் பண்டமாரானிலிருந்து வந்தவன் இனி வரமாட்டான். “வரேங்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அதில் குத்தல் ஏதும் இருந்ததோ?

21 ஜூலை

அவன் கணினியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். புத்தம் புதியது. இத்தனை நாள் எனக்கு ஏன் தரவில்லை?

என் நிரலை ஓட்டினேன். ‘ஆஃப்செட் செல்லாது.’

போகிற போக்கில் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறான் — எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். மறுபடியும் அதே.

22 ஜூலை

கணினி நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைக்கும். கோப்பின் துண்டு, பக்க அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும். பழைய கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். இந்தப் புதியதில் 16384. கணினியிடமே கேட்டு வாங்க வேண்டிய எண்ணை, நான் 4096 என்று கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐயோ, என்ன காரியம் செஞ்சிட்டேன். மூணு தரம் கூப்பிட்டானே — எழுந்து பத்தடி நடந்தா குறைஞ்சா போயிருப்பேன்?

எவலினிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “எடுத்துக்கலாம். ஆனா நீயே கூப்பிடு. நீதானே ஷுவர்னு சொன்ன?”

23 ஜூலை

கூப்பிட்டேன். எவலினிடம் நான் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“அந்த 4096தானேக்கா? அன்னைக்கே பாத்தேன். அதுல உங்க பேர் இருந்துச்சு. நான் சொல்றத விட நீங்களே பாத்தா நல்லதுன்னுதான் கூப்பிட்டேன்.”

திங்கட்கிழமை வருகிறானாம்.

இவ்வளவு லேசில் ஏன் ஒத்துக்கொண்டான் என்று மனசு ஆரம்பித்தது. சும்மா இரு என்று அதட்டிவிட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேசையில் வைத்தேன்.