குழாயை இடம் மாற்றியவள்

ஐப்பசி (ஒக்ரோபர்) 9, 2004
சங்கத்துப் பொடியன் பற்றிக் தொலைபேசி எடுத்தான். மொன்றியல் ஊர்ச் சங்கம் இவருக்கு, என் புருஷனுக்கு, நினைவுக் கூட்டம் வைக்கிறதாம். ஐம்பதுகளில் பட்டினசபைத் தலைவராய் இருந்தவரை இன்னும் மறக்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது.

"ஆர் தம்பி மேடையில பேசுறது?"

"மலர் ரீச்சர்தான், அன்ரி. அவவை விட ஆருக்கு அவரைத் தெரியும்? நீங்கள் வாற சனத்துக்குச் சாப்பிடக் கொஞ்சம் ரோல்ஸ் செய்து தந்தால் போதும்."

அவவை விட ஆருக்குத் தெரியுமாம்! அப்ப நான் ஆர்?

ஐப்பசி 10
வயிறு எரிகிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

ஐப்பசி 17
பூசை முடிந்து வரும்போது மலர் ரீச்சரை, அந்தச் செல்வமலரைக் கண்டேன். இந்த வயதிலும் கொண்டை குலையவில்லை. இவருடைய தேர்தல் கூட்டங்களில் முதலில் பேசி, இவரை மேடைக்கு அழைத்தது அவள்தான். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை, அது எனக்குத் தெரியும். நடந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

தேர்தல் என்றால் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் வேட்பாளர் வீட்டில்தான் சாப்பாடு. அங்கே இவர் பேச, இங்கே நான் கிடாரத்தில் சோறு கிளறினேன். என் புருஷனின் பேச்சு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அதுதான் பொறுக்கவில்லை.

கார்த்திகை 2
மரித்தோர் திருநாள். இவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். செபத்துக்கு நடுவிலும் அவள் கொண்டைதான். ஆண்டவரே, இது பாவம் என்று தெரியும்.

கார்த்திகை 13
நினைவுக் கூட்டத்துக்குப் போகமாட்டேன் என்றிருந்தேன். மருமகள் ஷெரோன் விடவில்லை, காரில் ஏற்றிவிட்டாள்.

செல்வமலர் பேசவில்லை, இவராகவே மாறிவிட்டாள். அதே இழுவை, அதே கைவீச்சு. சனம் வாய் பிளந்து கேட்டது. பிறகு தண்ணீர்க் குழாய்க் கதைக்கு வந்தாள். சபை அதைச் சந்தையடியில் போட இருந்ததாம். இவர் மேடையில் கேட்டாராம்: "கள்ளுத் தவறணைக்குப் பக்கத்தில குழாயை வைச்சால் எந்தப் பொம்பிளை குடத்தோட வருவாள்?" குழாய் கோயிலடிக்குப் போனது. அடுத்த தேர்தலில் பெண்களின் வாக்கெல்லாம் இவருக்கு.

"எந்த ஆம்பிளைக்கு அப்பிடி யோசினை வரும்!" என்றாள். ஒரே கைதட்டு.

எந்த ஆம்பிளைக்கும் வராது. அது நான் குசினிக்குள் நின்று கேட்ட கேள்வி. சொல்லுக்குச் சொல் என்னுடையது. அன்றைக்கு என்னிடம், "உமக்கு அரசியல் விளங்காது, சோத்தைப் போடும்" என்றார். குழாய் இடம் மாறியது சபையின் புத்தி என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

பாவி மனுசன். என்னட்ட ஒரு சொல் சொன்னாரா?

கார்த்திகை 15
செல்வமலர் தொலைபேசி எடுத்தாள். ரொறொன்ரோ ஊர்ச் சங்கமும் அதே பேச்சைக் கேட்கிறதாம். மனதுக்குள் வைத்திருக்க முடியவில்லை, குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"இரா முழுக்க முழிச்சு யோசிச்சனான் எண்டல்லோ அக்கா என்னட்டச் சொன்னவர்."

"நல்லா நித்திரை கொண்டவர்" என்றேன்.

சிரித்தாள். பிறகு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் சுவரில் மாலையோடு இருக்கிற படத்தின் மேல்தான்.

மார்கழி 4
ரொறொன்ரோ. நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை, "தலைவரின் பாரியார்" என்றுதான் இருந்தது. செல்வமலர் அதைப் பார்க்கவே இல்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குழாயை இடம் மாத்தினவ இஞ்ச இருக்கிறா. சிசிலி அக்கா, வாங்கோ" என்றாள்.

எழும்பி மேடைக்குப் போனேன்.