ஜும்ஆவுக்குப் பிந்தியதால் வேகமாக ஓட்டினேன்

மாத்தளை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் றினோஸுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஸஹ்னாவும் சின்னவளும் அந்த டோஹா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். இங்கே உம்மாவுக்கு பிரஷர் ஏறி இறங்குகிறது, எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது, மற்றபடி மூச்சு வந்து போகிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், உம்மா பக்கத்தில் நின்று அழுவாள், நீ லைனை வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து திரும்பும் பக்கத்து வீட்டு ஜஸ்லாவின் மாப்பிள்ளையிடம் கொடுத்து விடுகிறேன். கோபம் வந்தால் கசக்கிப் போடாதே, முழுதும் வாசி.

உன் தம்பி ஷிஹாமுக்கு நீ எடுத்து அனுப்பிய விசாவைப் பற்றித்தான். வரும் சனிக்கிழமை அவனைப் பிளேனில் ஏற்றிவிடச் சொன்னாய். "பொலிஸ் ஊட்டுக்கு வர முந்தி அவன இங்க அனுப்பிடுங்க வாப்பா, நீங்க அந்த ஸ்பீட் பைனக் கட்டிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருங்க" என்றாயே, அப்போது நீ என் முன்னால் நின்றிருந்தால் உன் கன்னம் வீங்கியிருக்கும். ஒரு பிள்ளைக்குத் தகப்பன் என்று பார்த்திருக்க மாட்டேன். உம்மா உனக்குச் சொன்னது பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொல்ல அவளுக்கு நாக்கு வராது. நான் சொல்கிறேன், கேள்.

போன மாதம் கடைசி வெள்ளிக்கிழமை, கம்பெனிக்கு மிளகு வாங்க வந்த வெள்ளைக்காரர் இரண்டு பேரைச் சீகிரியாவில் ஹோட்டலில் இறக்கிவிட்டுக் கம்பெனி காரில் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாவுல டவுனுக்கு வரும்போது பதினொன்றரை இருக்கும். ரோட்டோரம் ஒரு ஆட்டோ குப்புறக் கிடந்தது, சுற்றி இருபது முப்பது பேர். ஆட்டோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையில் தட்டிவிட்டதாம், பிள்ளை செத்துவிட்டது என்று எவனோ கத்தியிருக்கிறான். அவ்வளவுதான், வந்தவன் போனவன் எல்லாம் கை வைத்தான். அந்தப் பிள்ளையோ முழங்காலில் ஒரு கீறலோடு கடை வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தது, அதைத் திரும்பிப் பார்க்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. கீழே கிடந்தவன் ஆட்டோக்காரன் ஹரிசன், இருபத்தாறு வயது. ஒருவன் பலகையால் முதுகில் அடிக்கிறான், ஒருவன் செருப்புக் காலால் வயிற்றில் மிதிக்கிறான், இன்னொருவன் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி அவன் முகத்தில் இறக்குகிறான். எலும்பு உடையும் சத்தம் கண்ணாடி ஏற்றியிருந்த காருக்குள்ளேயே எனக்குக் கேட்டது. ஹெல்மெட் வைத்திருந்தவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அந்தச் சட்டையை உம்மா காலையில்தான் அயன் பண்ணி மினுக்கிக் கொடுத்தாள். ஆமாம் மகன், நம்முடைய ஷிஹாம்தான். அவன் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடைக்கு முன்னால்தான் இத்தனையும் நடந்தது.

நான் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தேன். யாருக்கு எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாது. பலகை வைத்திருந்தவனின் கை முறிந்தது தெரியும். ஷிஹாமின் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்தேன், அவன் திரும்பிப் பார்த்தான், என்னை அடையாளமே தெரியாத கண், எனக்கும் ஹெல்மெட்டை ஓங்கினான். போட்டேன் வாயில். இரண்டு பல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் "வாப்பா" என்றான். படியில் வழுக்கி விழுந்தான் என்று உம்மா உனக்குச் சொன்னாளாம். படியுமில்லை, வழுக்கலுமில்லை, அது நான் அடித்த அடி.

ஹரிசனைத் தூக்கிப் பின் சீற்றில் போட்டேன். நாவுல ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ஆனால் அந்தத் தலைக்கு அங்கே ஒன்றும் செய்ய ஏலாது என்று எனக்குப் பட்டது, மாத்தளைக்கே விட்டேன். அவனுடைய தொண்டையில் இரத்தம் கொளகொளவென்று இரைந்துகொண்டே வந்தது. நாலந்தாவுக்கு முன்னால் எதிரே வந்த பஸ்காரன் லைட்டை இரண்டு முறை அடித்துக் காட்டினான். அவனுக்குப் பின்னால் வந்த லொறிக்காரனும் அடித்தான். முன்னால் பொலிஸ் வேகம் பார்க்கும் மெஷின் வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று அர்த்தம், உனக்கும் தெரியும். முப்பத்தொரு வருசம் அந்த லைட்டைக் கண்டதும் காலை எடுத்தவன் நான், கம்பெனி வாகனத்துக்கு ஒரு பைன் வாங்கிக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கண்டும் மிதித்தேன். தொண்ணூற்றெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தார்கள்.

பொலிஸ் சார்ஜன் காருக்குள் எட்டிப் பார்த்து, "யார் அடிச்சது?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். லைசனை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வா என்றார். பின்னேரம் திரும்பிப் போனேன். "அடித்தவர்களைச் சொன்னால், உயிர் காப்பாற்ற ஓடினாய் என்று எழுதி உன்னை விட்டுவிடலாம். ஒன்றும் பார்க்கவில்லை என்றால், இந்தக் காரால் நீயே அவனை இடித்திருக்க மாட்டாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அப்போதும் பார்க்கவில்லை என்றே சொன்னேன். வேகத்துக்கு அபராதம் போட்டுப் பைன் துண்டை எழுதிக் கையில் தந்தார். என் வாழ்க்கையில் வாங்கிய முதல் துண்டு.

கம்பெனியில் ஒரு சட்டம் இருக்கிறது, பைன் வாங்கிய டிரைவர் காரணத்தை எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது? சீற் உறையைக் கழற்றி நானே கழுவினேன், கழுவக் கழுவச் சிவப்புத் தண்ணீர் வந்தது. வந்து மேசையில் உட்கார்ந்து, ஜும்ஆவுக்குப் பிந்தியதால் வேகமாக ஓட்டினேன் என்று எழுதினேன். அல்லாஹ்வின் பேரை என் பொய்க்குள் இழுத்தேனே பாவி. மனேஜர் தியாகராஜா ஐயா, யாழ்ப்பாணத்து மனிதர், கண்டிப்பானவர், வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "தொழுகைக்குத்தானே ஓடினனீங்கள் யாகூப், பரவாயில்லை, இனிமேல் கவனமா ஓடுங்கோ" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றைக்கு அஸர் தொழுகையில் நின்றேன், ஓதுகிற சூரா பாதியில் மறந்துவிட்டது.

ஹரிசனை மாத்தளையிலிருந்து கண்டிக்கு மாற்றியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். தாடையைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள், இடது கண் இருந்த இடத்தில் பஞ்சு. அவன் பெண்சாதி வினோஜா, மாசமாக இருக்கும் பிள்ளை, ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்க மட்டும் இல்லாட்டி இவரு அங்கேயே செத்திருப்பாரு, நீங்களும் உங்க புள்ளைங்களும் நல்லா இருக்கணும்" என்றாள். உங்க புள்ளைங்களும் என்றாள் மகன். நான் கொண்டுபோன தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ரோட்டில் நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் உன்னுடைய விசா வந்திருக்கிறது, உம்மா ஷிஹாமின் பாஸ்போர்ட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். டின்னைத் தரையில் கொட்டி எடுத்தேன். அவள் என் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள், "ஊரான் புள்ளைக்காக பெத்த புள்ளயக் காட்டிக் குடுக்கப் போறீங்களா, நீங்க ஒரு வாப்பாவா?" என்று கத்தினாள். அடிக்கட்டும் என்று நின்றேன். அவள் கேட்டதில் பிழையில்லை, பெற்றவள் கேட்பாள்தான். ஷிஹாம் மூலையில் உட்கார்ந்து தரையில் கிடந்த அரிசியைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தான். "நாளைக்கு பொலிசுக்குப் போறோம், நான் எல்லாத்தையும் சொல்லப் போறேன், ஓடுறதா இருந்தா இப்பவே ஓடு, பொறகு இந்த வாசல்ல கால் வச்சா காலை முறிப்பேன்" என்றேன். அவன் ஓடவில்லை.

வியாழக்கிழமை காலை என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தான். நான் வாக்குமூலம் கொடுத்தேன். வெறும் கையால் போனேன் என்று சொல்லவில்லை, வீல் ஸ்பேனரையும், நான் முறித்த கையையும், கொட்டிய பல்லையும் சேர்த்தே சொன்னேன். எனக்கும் வழக்கு வரலாம், வரட்டும். ஹெல்மெட்டால் அடித்தவன் உனக்கு என்ன முறை என்று சார்ஜன் கேட்டார். மகன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பைனை ரத்துச் செய்ய எழுதித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லி தபால் கந்தோரில் கட்டிவிட்டு வந்தேன். ஓடியது ஓடியதுதானே. அப்படியே கம்பெனிக்குப் போய்ப் பழைய கடிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, உள்ளதை எழுதிக் கொடுத்தேன். தியாகராஜா ஐயா இரண்டு தரம் வாசித்தார், கார்ச் சாவியை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். வேலை இருக்குமா இல்லையா என்று இன்னும் தெரியாது.

ஷிஹாமைப் பதினாலு நாள் ரிமாண்டில் போட்டிருக்கிறார்கள். உம்மா எனக்குச் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. நீ அந்த விசாவை ரத்துச் செய்துவிட்டு உம்மாவுக்குப் போன் எடு, என்னைப் பற்றி அவளிடம் குறை சொல்லாதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே, அழ விடு, அவள் அழுது முடிக்கட்டும். நீயும் அங்கே கம்பெனி வாகனம்தான் ஓட்டுகிறாய், ரோட்டில் ஆத்திரப்பட்டு இறங்காதே, கை ஓங்காதே. அல்லாஹ் உன்னையும் உன் பிள்ளையையும் என் கோபத்தின் வாரிசாக்காமல் காப்பாற்றட்டும், உன் உழைப்பில் பரக்கத் தரட்டும், ஆமீன்.

ஒன்றை உம்மாவிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீதிமன்றத்தில் அவனைச் சிறைச்சாலைப் பஸ்ஸில் ஏற்றும்போது கையில் விலங்கோடு என் பக்கம் திரும்பினான். வக்கீலைப் பற்றிக் கேட்பான், எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று கேட்பான் என்று நினைத்தேன். "வாப்பா, அவருக்கு கண்ணு தெரியுதா?" என்று கேட்டான். ஒரு கண் இனித் தெரியாது மகன் என்றேன்.

உங்கள் இருவருக்கும் வாப்பாவான,
யாகூப்