வாரேன் என்று முடியும் செய்தி

பதிவு 212 · காலை 07:10

வழக்கமான சோதனை. ஆண்டெனா சரி. மின்கலம் சரி. காபித்தூள் தீர்ந்துவிட்டது, அது மட்டும் சரியில்லை.

இதை யார் கண்டெடுத்துப் படிக்கிறீர்களோ, உங்களுக்காக: நான் கோமதி. செவ்வாயைச் சுற்றும் அஞ்சல் நிலையத்தில் ஐந்து வருடமாகத் தனி ஆள். பூமியிலிருந்து கீழே குடியிருப்புக்குப் போகும் ஒவ்வொரு செய்தியும் என்னைத் தாண்டித்தான் போகும். ஏமாற்றுச் செய்திகளைப் பிடித்து அழிப்பது என் வேலை. இன்றும் ஒன்று: "உங்கள் திரும்பும் பயணச்சீட்டு ரத்தாகிறது, உடனே பாஸ்வேர்டு அனுப்பவும்." செவ்வாய்க்கு வந்தும் விடமாட்டேன் என்கிறான்கள், பாவிகள்.

கீழே பிள்ளைகளோடு சேர்த்து நாற்பது பேர் மூச்சு விடும் காற்று இயந்திரத்தின் பாஸ்வேர்டும் என்னிடம்தான். ஒரே ஒரு சொல். எங்கும் எழுதி வைக்கவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்தின் குரல் செய்தி வந்தது. இங்கிருந்து பேசினால் பதில் வர முக்கால் மணி நேரமாகும். அதனால் பதிவு செய்துதான் அனுப்பிக்கொள்வோம். "சாப்ட்டியாட்டி? இங்க மழை பிச்சு ஒதறுது. சரி, வாரேன்." எப்போதும் வாரேன்தான். ராக்கெட் ஏறும்போது நான் வாய் தவறி "போறேன்" என்றதற்கு, அத்தனை அதிகாரிகள் முன்னால், "போறேன்னு சொல்லாதட்டி, வாரேன்னு சொல்லு" என்று சத்தம் போட்ட மனுஷன்.

பதிவு 214 · காலை 09:30

தலைமையகம்: "நமது அஞ்சல் கிடங்கிலிருந்து ஐந்தாண்டுச் செய்திகள் திருடு போயுள்ளன. உறவினர் குரலில் போலிகள் வரலாம். நம்ப வேண்டாம்."

கீழேயிருந்து பொறியாளர் ஜெபராஜ்: "அக்கா, எங்கம்மா குரல்ல பேங்க் பாஸ்வேர்டு கேட்டாவ, சொல்லிட்டேன். அப்படியே அம்மாதான்க்கா!" மடையா, அம்மா எதற்கடா பாஸ்வேர்டு கேட்கப் போகிறார்கள் என்று திட்டி அனுப்பினேன்.

என்னை ஏமாற்ற முடியாது. என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டருக்கு வாரேன் தெரியும்? விடைபெறும்போது உளறிக் கொட்டிவிடும்.

முன்பெல்லாம் அவர் வாரம் ஒருமுறை பேசுவார். இந்த மூன்று வாரமாகத் தினமும் பேசுகிறார். தனியாகக் கிடக்கிறேன் என்று இரக்கப்பட்டிருப்பார். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

பதிவு 217 · மாலை 16:05

அவர் குரலில் இரண்டு செய்திகள். ஒன்று போலி.

முதலாவது: "ஏட்டி, ஒண்ணு கேப்பேன், அழக்கூடாது. நம்ம பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில வச்சே நாம வச்ச பேரு... உன் வாயால ஒரு தடவை சொல்லேன். கேக்கணும்போல இருக்கு. வாரேன்."

இரண்டாவது, கரகரவென்று: "கோமதி... என் குரல்ல எவனோ பேசுதானாம். தொண்டையில குழா வச்சிருந்தாவ, மூணு வாரமா எனக்குப் பேச்சே கெடையாது. எது கேட்டாலும் சொல்லிராத. முடியலம்மா. நான் போறேன்."

மாட்டினான்! போறேனாம். கைகொட்டிச் சிரித்துவிட்டு அழித்தேன்.

பிறகு பாப்பாவின் பெயரைச் சொன்னேன். ஒரு நாள்கூட முழுதாக உயிரோடு இருந்திராத பிள்ளை. பதினொரு வருடமாக உரக்கச் சொல்லாத பெயர். இரண்டு தடவை சொன்னேன், அனுப்பினேன்.

ஆம், பாஸ்வேர்டும் அதுதான். அவருக்கும் அது தெரியும். பழைய செய்தி ஒன்றில் நானே சொல்லியிருக்கிறேன், நம் பிள்ளை பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்று. புருஷனிடம் சொல்வதில் என்ன?

பதிவு 218 · காலை 06:40

தலைமையகம்: "ஆழ்ந்த வருத்தம். திரு. சங்கரலிங்கம் நேற்று மருத்துவமனையில் காலமானார். கடைசியாக உங்களுக்கு ஒரு செய்தி பேசி அனுப்பினார். கிடைத்திருக்கும்."

கிடைத்தது. அழித்தேன். சிரித்துக்கொண்டே அழித்தேன்.

ஐந்து வருடக் குரலைத் திருடியவனுக்கு வாரேன் தெரியாதா? ஒவ்வொரு செய்தியிலும் அதுதானே இருந்தது. போறேன்தான் அவனுக்குக் கிடைத்திருக்காது. அவர் அதைச் சொன்னதே இல்லையே. கோமதி, முண்டம், அது உனக்கு ஏன் உறைக்கவில்லை?

பதிவு 218 · 07:25

ஜெபராஜ்: "அக்கா, காத்து மெஷின் நின்னுட்டு! எவனோ பூட்டிட்டான். பணம் கேக்கான்!"

வழி இருக்கிறது. பூமி ஆண்டெனாவை மூடினால் திருடனின் பிடி விட்டுப்போகும், இயந்திரம் தானாக ஓடும். ஒரு நெம்புகோல். அதன் பிறகு அதை மறுபடி திறக்கக் கப்பல் வரும்வரை பூமியிலிருந்து எந்தக் குரலும் வராது. மூடப் போகிறேன் என்று ஜெபராஜிடம் சொல்லிவிட்டு அதில் கை வைத்துவிட்டேன்.

07:31

செய்தி வருகிறது. அவர் குரல். "சாப்ட்டியாட்டி?"

அவர் இல்லை என்று தெரியும். திருடன். தெரியும்.

07:38

"அக்கா, மூடிட்டியளா? பிள்ளைக எல்லாம் மயங்குது."

மூடுகிறேன் ஜெபராஜ். இதோ. இது முடியட்டும். மழையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

07:44

"அக்கா..."

கொஞ்சம் பொறு. வாரேன் என்று சொல்லும் இடம் இன்னும் வரவில்லை