இந்த வருஷத்துப் பனிக்கு ஆயத்தம்

நவம்பர் 2, ஞாயிறு

மழை. ஐப்பசி மாசத்துத் துலா மழைதான், ஆனால் இடி இல்லை. மாடியறை அலமாரியைத் திறந்தேன். பனிச்சறுக்குக்கான ஸ்கீ பூட்ஸ் இரண்டிலும் பூஞ்சை. கீழே கோடவுனில் சுக்கு மூட்டை இறக்கியிருக்கிறார்கள், பூட்ஸுக்குள் வரை சுக்கு வாசம். வினிகர் போட்டுத் துடைத்து ஃபேனுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

ஸ்கீப் பலகைகளின் ஓரத் தகடு முழுக்கத் துரு. மட்டாஞ்சேரிக் கடல் காற்றில் எது துருப்பிடிக்காமல் இருக்கும். உப்புத்தாள் வாங்க வேண்டும். மலை ஏறும்போது ஸ்கீக்கு அடியில் ஒட்டுகிற பட்டைகள் இரண்டும் பசை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தோம். "இதென்னடி, சக்கப்பழமா?" என்றாள் அம்மா. பலாச்சுளை எடுப்பதுபோலக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து மறுபடி இழுத்தாள். பிரிந்தது.

டாக்டர் எழுதச் சொன்னார். உங்களுக்குத் தெரிந்ததைக்கூட, தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதுங்கள் என்றார். தமிழில் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளம், தமிழ் அம்மா சொல்லித் தந்தது. பிழை இருக்கும். ஆபீஸில் யாராலும் படிக்க முடியாது, அது போதும்.

தெரிந்தது: பிப்ரவரி வந்தால் என் சிநேகிதன் பிஜுவும் நானும் காஷ்மீர் போவோம். ரோப்காரும் லிஃப்டும் எட்டாத மலைகள். காலால் ஏறுவது, சறுக்கி இறங்குவது. வழிகாட்டி பஷீர் பாய். போன பிப்ரவரியில் ஒரு பனிச்சரிவு முறிந்து பிஜுவை மூடிவிட்டது. பஷீர் பாய் தூரத்தில், மேலே. நான் பக்கத்தில். புதைந்தாலும் சிக்னல் அனுப்பும் பீக்கன் கருவி ஆளுக்கொன்று கட்டியிருப்போம், அதன் சத்தத்தை வைத்துத் தேடி, கம்பியால் குத்திப் பார்த்து, தோண்டினேன். முகம் தெரிந்தது. நீலம். செத்துவிட்டான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே தோண்டினேன். வாயில் இருந்த பனியை விரல் விட்டு எடுத்ததும் இருமினான். கண்ணைத் திறந்தான். சிரித்தான்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. அதற்குத்தான் டாக்டர்.

ராத்திரி கஞ்சி, பயறு.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. புழுக்கம்.

சாயங்காலம் பயிற்சி. இங்கே மலைக்கு எங்கே போவது, தோப்பும்படிப் பாலம்தான். பையில் கனத்துக்கு அரிசி மூட்டை வைத்து ஏறி இறங்கி, ஏறி இறங்கி. பிஜு வெலிங்டன் தீவிலிருந்து ஆபீஸ் முடிந்து நேரே வந்தான், அவன் பையில் கனத்துக்கு அவன் கப்பல் கம்பெனியின் பழைய பைண்டர்கள். எங்கள் தெருவில் வளர்ந்தவன், அதனால் தமிழ் வரும், பாதிக்குப் பாதி.

பாலத்தடிச் சாயாக்கடையில் மறுபடி அந்தக் கதை. கடைக்கார சேட்டனிடம், "இவளாக்கும் என்னைப் பனிக்குழியிலேருந்து எடுத்தது. எனக்கு ரெண்டாவது அம்மை!" என்றான். கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு உள்ளிவடை கூடுதலாக வைத்தார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். என்ன புரிந்ததோ.

"எடீ கோமதி, டிக்கெட் போடட்டா?"

"போடு."

"சந்தோஷம் இல்லையாடீ உனக்கு?"

"இருக்கு."

உள்ளிவடை தின்றேன். உப்பு ஜாஸ்தி என்று அவன் சொன்னான். இருந்திருக்கும்.

நவம்பர் 6, வியாழன்

இறால் கம்பெனி லேபில் சாம்பிள் சோதனை, வழக்கம்போல. தரம் பிரிக்கிற பிரிவில் ஓமனா சேச்சிக்கு போன் வந்தது, அவர் அண்ணன் போய்விட்டாராம். கையுறையோடு அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் போய்க் கையைப் பிடித்தேன். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் விதிகளைப் படித்துக்கொண்டு நின்றேன்.

வாங்க: உப்புத்தாள், சன்ஸ்கிரீன், அம்மாவின் பிரஷர் மாத்திரை, மிக்ஸி வாஷர்.

நவம்பர் 7, வெள்ளி

ஷைனி வந்திருந்தாள். பிஜுவின் மனைவி. எப்போதும் வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் சமையலைப் பற்றிப் பேசுகிறவள், இன்றைக்குப் படியிலேயே நின்றாள்.

"சேச்சி போகல்லேன்னு சொன்னா அவரும் போக மாட்டார். வேற யார் மேலயும் அவருக்கு நம்பிக்கை இல்லை."

நான் படியில் கிடந்த செருப்பை ஒதுக்கி வைத்தேன்.

"ஸ்கூல்ல கிளாஸ் எடுத்துட்டே இருக்கேன், போன் அடிச்சா சாக்பீஸைக் கீழே போட்டுடறேன். போன தடவை போன்ல என்ன சொன்னீங்கன்னு ஓர்மை இருக்கா? 'பிஜு உயிரோட இருக்கான்'னு. நல்ல விஷயம்தான். ஆனா சேச்சி, ரயில் லேட்டுன்னு சொல்ற மாதிரி சொன்னீங்க."

"ம்."

"எனக்காக ஒரு தடவை. இந்த ஒரு வருஷம்."

யோசிக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு அம்மா கேட்டாள், "அந்தப் பொண்ணை உள்ளே கூப்பிடக் கூடாதா? சாயாகூடக் குடிக்கல்லியே." கூப்பிட்டிருக்கலாம்.

யோசித்தேனா? இல்லை. மிக்ஸிக்கு வாஷர் மாட்டினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். மொட்டை மாடியில் ஸ்கீக்கு மெழுகு. பழைய இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மெழுகுக் கட்டியை அதில் அழுத்தி, சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு தேய்ப்பது. முன்பெல்லாம் இந்த வாசம் வந்தாலே எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. ஸ்கூல் சுற்றுலாவுக்கு முந்தின நாள் மாதிரி. இன்றைக்கு மெழுகு வாசம் மெழுகு வாசமாக இருந்தது.

பக்கத்து மாடியில் துணி உலர்த்திய அக்கா, "வள்ளத்துத் துடுப்பா கோமதி?" என்றார். ஆமாம் என்றேன். ஒவ்வொரு வருஷமும் விளக்கிச் சொல்வேன். இந்தத் தடவை சொல்லத் தோன்றவில்லை.

பிஜு மெசேஜ்: செவ்வாய்க்கிழமை உன் கம்பெனி ஃப்ரீசரில் கையுறையும் பீக்கன் பேட்டரியும் குளிர் தாங்குமா என்று டெஸ்ட் பண்ணலாமா. வழக்கமாகச் செய்வதுதான். சூப்பர்வைசர் வில்சன் சேட்டன் கண்டுகொள்ள மாட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

எழுத வேண்டும். வரிசையாக.

சாப்பாட்டு நேரம். நானும் பிஜுவும் ஜாக்கெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஃப்ரீசர் அறைக்குள் போனோம். இறால் பெட்டிகள் கூரை வரை. பிஜு வில்சன் சேட்டனிடம் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டே நுழைந்தான். கதவு தானாக மூடிக்கொண்டது. எப்போதும் மூடும். உள்ளே பச்சைக் குமிழ் இருக்கிறது, அழுத்தினால் திறக்கும். அவனுக்கும் தெரியும், பல வருஷமாக வருகிறவன்.

கதவு மூடின சத்தம் கேட்டதும் பேச்சு நின்றது. திரும்பினான். இரண்டு கையாலும் கதவில் அறைந்தான். குமிழ் தோளுக்குப் பக்கத்தில். அதைப் பார்க்கவே இல்லை. வாயிலிருந்து ஒரு சத்தம், பிஜுவின் குரலே இல்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவு இடுக்கில் நகத்தால் பறண்டினான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். குமிழை அழுத்த வேண்டும் என்று தெரியும். போய் அழுத்தினேன். ஆனால் நடந்து போனேன். ஓடவில்லை. சின்ன அறை அது, ஓட இடம் இல்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அதுவல்ல காரணம்.

வெளியே தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு குளிரிலிருந்து வந்தவனுக்கு வேர்வை வடிகிறது. வில்சன் சேட்டன் தண்ணீர் கொண்டுவந்தார். "பிரஷர் குறஞ்ஞதாயிரிக்கும்," என்றார். பிஜு உடனே, "அதெ, அதெ," என்று ஒப்புக்கொண்டு சிரித்தான்.

வில்சன் சேட்டன் போன பிறகு: "ஷைனிகிட்ட சொல்லாதே."

"சரி."

"கக்கூஸ் கதவுகூடச் சாத்தறதில்லை நான், எட்டு ஒன்பது மாசமா. சூடு தாங்கல்லேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

பேட்டரி உள்ளேயே கிடந்தது. மூன்று மணிக்கு வில்சன் சேட்டன் எடுத்துத் தந்தார். நல்ல பேட்டரி. சார்ஜ் இறங்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பிஜு பாலத்துக்கு வரவில்லை. நேற்றும் இல்லை. தனியாக ஏறி இறங்கினேன். கால் நன்றாகத் தேறியிருக்கிறது. மூச்சு வாங்கவே இல்லை.

டாக்டரிடம் வைட்டிலா வரை போய் வந்தேன். மலைக்குப் போக ஆசையா என்றார். தெரியவில்லை. பயமா? இல்லை. "சரிவு முறியறதுக்கு முன்னாடி பயம் இருந்ததா?" இருந்தது. எல்லா வருஷமும், ஒவ்வொரு சரிவிலும். பயம்தானே நிறுத்தும். இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போகலாம் என்று எங்கள் இரண்டு பேரில் எப்போதும் நான்தான் சொல்வேன். பிஜு கேலி பண்ணுவான், ஆனால் கேட்பான்.

பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்தேன். இனிமேல் யார் சொல்வது?

நவம்பர் 16, ஞாயிறு

விடிந்ததும் ஜங்கார் படகில் வைப்பின் கரைக்கு, அங்கிருந்து பைக்கில் புதுவைப்பு கடற்கரை. பிஜு வந்தான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டிருந்தான்.

வருஷா வருஷம் செய்கிற பயிற்சி. ஒரு பீக்கனை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு ஒருவர் மணலில் புதைப்பது, மற்றவர் இன்னொரு பீக்கனால் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டுவது. முதலில் அவன் புதைத்தான், நான் தேடினேன். உடனே கிடைத்தது. இவ்வளவு வேகமாக நான் எடுத்ததே இல்லை. வீச்சுவலையோடு போன ஒரு சேட்டன் நின்று, "ஸ்வர்ணமாணோ மோளே?" என்றார். தங்கம் இல்லை என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். ஏமாந்து போனார்.

பிறகு நான் புதைத்தேன். பிஜு தேடினான். சரியான இடத்துக்குத்தான் வந்தான், சத்தமும் ஏறிக்கொண்டே வந்தது. மண்டியிட்டான். கம்பியை எடுத்தான். குத்தவில்லை. பீக்கன் கத்திக்கொண்டே இருக்கிறது, இவன் கம்பியைப் பிடித்தபடி. கம்பி நுனி மணலில் கோடு கோடாகப் போட்டது.

"பிஜு, குத்து."

"குத்த முடியாது."

"அங்கேதான் இருக்கு."

"தெரியும். உள்ளே நான்தான் கிடக்கேன்னு தோணுதுடீ. குத்தினா எனக்கு வலிக்கும்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பீக்கனை வாங்கி ஆஃப் செய்தேன். அலைச் சத்தம் மட்டும். வலைக்கார சேட்டன் எங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் நடந்தார். புருஷன் பொண்டாட்டி சண்டை என்று நினைத்திருப்பார்.

"நாம இந்த வருஷம் போகல்ல," என்றேன்.

அழுதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டு. சின்ன வயதில் தெருவில் அவன் அப்பா அடித்தபோது அழுதது, அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன்.

"நீ சொன்னதா இருக்கட்டும்," என்றான். "எனக்குப் பயம்னு வெளியே தெரிய வேண்டாம். நீ வரமாட்டேன்னுட்டே, அதனால நான் நின்னுட்டேன்."

"சரி."

"கோபம் இல்லையே?"

"இல்லை. எனக்கு எதுவும் இல்லைடா. அன்னைக்கு நீ கதவை அறைஞ்சப்போ நான் மெதுவா நடந்து வந்தேன். அது உனக்குத் தெரியணும். என்னோட நீ மலைக்கு வரக் கூடாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஆச்சரியமே படவில்லை.

"தெரியும்டீ. குழியிலே கண்ணைத் தொறந்தேன் பாரு, உன் முகம்தான் முதல்ல. யாரோ மாதிரி இருந்தது. என்னை எடுத்தவ வேற யாரோ, கோமதி அடியில எங்கேயோ கிடக்கான்னு தோணிச்சு. அதான் சிரிச்சேன். நீயும் சிரிச்சா பழைய கோமதி திரும்பி வந்துருவான்னு."

அவன் சிரித்ததை நான் இத்தனை நாள் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன்.

டப்பாவைத் தோண்டி எடுத்தோம். சேர்ந்து. ஜங்காரில் கூட்டம்.

நவம்பர் 18, செவ்வாய்

டிக்கெட் கேன்சல். நண்பர்கள் குரூப்பில் நானே எழுதினேன்: என்னால் முடியவில்லை, மன்னிக்கவும், என்னால்தான் பிஜுவும் வரவில்லை. பதிலுக்கு எமோஜிகள், அழுகிற முகங்களும் கூப்பிய கைகளும். ஆலுவாவிலிருந்து ஒருவர்: பரவாயில்லை கோமதி, பெண்களுக்கு இயல்புதான். பிஜு அந்த மெசேஜுக்குக் கீழே ஏதோ தட்டத் தொடங்கினான், தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஷைனி போன் பண்ணினாள். ஒரே அழுகை. "சேச்சிக்கு நான் என்ன செய்வேன், என்ன செய்வேன்." ஒன்றும் வேண்டாம் என்றேன். ராத்திரி மீன் கறி கொடுத்தனுப்பியிருக்கிறாள். நாங்கள் சைவம் என்பதே மறந்துபோய். அம்மா சிரித்தாள். கீழே கோடவுன் காவல்காரருக்குக் கொடுத்தோம்.

ஸ்கீயை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

நவம்பர் 20, வியாழன்

வானம் மப்பு. பஷீர் பாய்க்கு போன் செய்து நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வெளியே, காலிப் பெட்டிகள் அடுக்குகிற வராந்தாவில் நின்று பேசினேன். எனக்கு ஹிந்தி அரைகுறை, அவர் மெதுவாகப் பேசுவார்.

"வரவேண்டாம் தங்கச்சி. மலை எங்கே போயிடப்போகுது. பிஜு நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கான்."

"அல்லா காப்பாத்தினார். உண்மையைச் சொல்றேன், மேலேருந்து நான் இறங்கறப்போ என் மனசுல அவன் மையத்துதான். அவன் வீட்டுக்கு என்ன சொல்றதுன்னு வார்த்தை தேடிக்கிட்டே இறங்கினேன்."

நேற்று மேலே இந்த வருஷத்து முதல் பனி விழுந்ததாம். வீடியோ அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார்.

வந்தது. கொஞ்ச நேர வீடியோ. காற்று இரைச்சல். வெள்ளைச் சரிவு, ஒரு தடம்கூட இல்லை. நல்ல பனி, காலை வெயில்.

பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். கை குளிர்ந்துவிட்டது. நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில். ஓரமாக வாந்தி எடுத்தேன். முதலில் உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, பயம். அன்றைக்கு வர வேண்டியது. அந்த நீல முகம். கம்பி முனையில் மெத்தென்று தட்டியது. கொஞ்சம் தள்ளிக் குத்தியிருந்தால். அவன் செத்திருப்பான். பிஜு செத்திருப்பான். வார்த்தையாக மட்டும் தெரிந்ததுதான், இவ்வளவு நாளும்.

பிஜுவுக்கு போன் போட்டேன். எடுத்துவிட்டான்.

"சொல்லுடீ."

மூக்கை உறிஞ்சினேன்.

"கோமதி? எடீ, அழறியா? என்ன ஆச்சு? அம்மைக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்லை. பேசாதே. சும்மா மூச்சு விடு."

"என்ன?"

"போனை வெக்காதே. மூச்சு மட்டும் விடு, நான் கேக்கறேன்."

விட்டான்.