பதிவேட்டில் நான்கு பெயர்கள்

லாபு எஸ்டேட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நீலாவதிக்கு,

நானும் ரோகினியும் நலம். நீயும் சுதனும் இதற்குள் குளிருக்குப் பழகியிருப்பீர்கள். சுதனின் குரல் பதிவைக் கேட்டேன். பத்து மாதத்தில் பேச்சு நன்றாக மாறியிருக்கிறது. 'அப்பா' என்பது உடனே புரிந்தது. மற்றதை இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் ரோகினி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இது அவளைப் பற்றிய செய்தி.

குடிநுழைவுத் துறையின் இரண்டாவது பதிலையும் படித்தேன். மிக மரியாதையான கடிதம். கணித ஆசிரியை அந்த நாட்டுக்கு அவசியம் தேவை. கணவன் வரலாம், மகன் வரலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பதினான்கு வயது மகள் வந்தால் மட்டும் அவர்களுடைய மருத்துவமனைகள் தாங்காது. இங்குள்ள கிளினிக்கில் அவள் இதுவரை வாங்கியது இருமல் மருந்தும் ஒரு பலூனும்தான் என்பதை நாம் மேல்முறையீட்டில் எழுதியிருக்க வேண்டும். கடைசி வரியில் நம் குடும்பத்துக்கு நல்வாழ்த்துக் கூறியிருக்கிறார்கள்.

வேலையை நிரந்தரமாக்குகிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடு. அப்படிப்பட்ட பள்ளிக்கூடம் எல்லோருக்கும் அமையாது. அது முடிந்தது. இனி வீட்டுச் செய்தி.

நீ புறப்பட்ட அன்று, 'அம்மா ஸ்கூலுக்குப் போயிருக்காங்க' என்று ரோகினியிடம் சொல்வதாக முடிவு செய்தோம். அது பொய்யே இல்லை என்று நம்மை நாமே பாராட்டிக்கொண்டோம். பத்து மாதம் அது ஒழுங்காகவே ஓடியது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் கணினிக்குப் போன பிறகு நீ அவளுக்கு விளையாடக் கொடுத்த பழைய வருகைப் பதிவேடு இருக்கிறதே, அதில் நம் நான்கு பேரையும் எழுதிக் கொடுத்தாய் அல்லவா? தினமும் வேன் வருவதற்கு முன் அதைத் திறப்பாள். அம்மா ஸ்கூலில், தம்பி ஸ்கூலில், அவளும் ஸ்கூலுக்குப் போகிறாள். மூன்று பேருக்கும் சரி போடுவாள். நான் போவது எஸ்டேட் ஆபீசுக்கு. எனக்குப் பூஜ்யம். நம் குடும்பத்தில் பத்து மாதமாக ஆள் இல்லாதவன் நான் ஒருவன்தான்.

ஓர் ஆசிரியையும் ஆபீசில் கணக்கெழுதும் ஒரு கிராணியும் கூடி யோசித்த பொய்யில் ஒன்றை மறந்துவிட்டோம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை.

வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டின் கடைசி நாள். ரோகினி வேனை விட்டு இறங்கினாள், வீட்டுக்கு வரவில்லை. சாலை பிரியும் சிம்பாங்கிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு வருடமும் அன்று நீ பிள்ளைகள் கொடுத்த கோப்பைகளோடு வருவாய், அவள் அங்கே நின்று உன் பையை வாங்கிக்கொள்வாள். சாலையோரம் பலகாரக் கடை போட்டிருக்கும் பஞ்சாலை அக்கா, வெயில்ல நிக்காத உள்ள வா லா, அம்மா ஸ்கூலு ரொம்ப தூரம் என்று கூப்பிட்டிருக்கிறார். பெரிய லீவு விட்டாச்சு அத்தை, லீவுல டீச்சருங்க வீட்டுக்கு வந்துருவாங்க என்றாளாம். அக்கா எனக்குப் போன் செய்து, நீங்களே வந்து சொல்லுங்க தம்பி என்றார். நான் போனேன். அங்கே லீவு வேறு மாதத்தில் வரும் என்று விளக்கினேன். மிகப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு மணிக்குத்தான் வந்தாள்.

சனிக்கிழமையும் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மழை, குடையோடு நின்றாள். உனக்கும் ஒரு குடை கையில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை போகவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. மறந்துவிட்டாள் என்று அக்காவிடம்கூடச் சொன்னேன். மாலையில் மேசைமேல் பதிவேடு திறந்து கிடந்தது. எஸ்டேட்டை விட்டுக் குடும்பத்தோடு போய்விட்ட பிள்ளைகளின் பெயர்மேல் நீ ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போடும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தானே? உன் பெயர்மேல் ஒன்று, சுதன் பெயர்மேல் ஒன்று. மிக நேராக வந்திருக்கின்றன. ஏம்மா இப்படிப் போட்ட என்று கேட்டேன். மாறிப் போயிட்டாங்கப்பா என்றாள். அழவில்லை. கீழே, எனக்கு முதன்முதலாகச் சரி போட்டிருந்தாள்.

நாம் மூன்று பேர் பத்து மாதமாகச் சொல்ல முடியாமல் இருந்ததை அவள் இரண்டு கோட்டில் முடித்துவிட்டாள். அந்நாட்டுக்கு அவள் தேவைப்படாதது அவர்களுக்குத்தான் நட்டம்.

சுதனுக்கு என் ஆசி. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். பஞ்சாலை அக்காவின் மகனிடம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்ட கதையை அவன் இன்னும் கேட்கிறானாம், அதையும் சொல்.

உன்னிடம் ஒரு சந்தேகம். ஆசிரியைக்குத்தான் தெரியும். மாறிப் போன பிள்ளை அதே பள்ளிக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்? கோட்டை அழிக்க வழியில்லை, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறாள். ஆனால் பக்கத்தின் அடியில் வரிகள் காலியாக இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், நிறையவே இருக்கின்றன. அங்கே புதிதாக எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் இதற்கு மட்டும் பதில் எழுது.

உன்,
குணாளன்