லீலா சேச்சியின் விஷமம்

ஜூன் 10, செவ்வாய்

விடிவதற்கு முன்பே மழை. சமையலறை மூலையில் ஒழுக்கு. குடத்தை வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் வழக்கம்போல அடுத்த வீட்டு லீலா சேச்சி. "செல்வீ, எவிடெ போணு?" ஆரியசாலையில் மசாலா மொத்தக் கடையில் வேலை என்று குடிவந்த அன்றே சொல்லியாயிற்று. பிறகும் தினமும் ஏன் கேட்கிறார்? மாலையில் பையைப் பார்த்து, "எந்தா வாங்கிச்சே?" வெண்டைக்காய். அதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறார்?

தீப்பெட்டி மறந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

இவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டிங் வேலை. போய்வருவதற்குள் துவண்டுவிடுகிறார். அங்கேயே ஒரு வீடு பார்த்திருக்கிறாராம், ஒழுகாதாம். சேச்சியிடம் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"நீங்க போனா எனக்கு விஷமமாணு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஷமமா? எங்கள் ஊரில் அது கெடுதல் செய்கிற புத்தி. அதை யாராவது தன் வாயாலேயே சொல்வார்களா? இவரிடம் கேட்டேன்.

"அந்தம்மா என்னமும் சொல்லிட்டுப் போகட்டும். நாமதான் கிளம்புதோமே."

யோசனையில் சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 14, சனி

வெயில், அதிசயமாக. கடையில் பில் போடும் ரெம்யாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"அக்கா, இங்க விஷமம்னா வருத்தம். நீங்க போறது அவங்களால தாங்க முடியலன்னு பறஞ்சதாக்கும்."

காதெல்லாம் சூடானது. இரண்டு நாளாக அவர் முகத்தைப் பாராமல் போய்வந்திருக்கிறேன். மாலை நானே கதவைத் தட்டினேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"சேச்சி, நான் எங்க போறேன்னு தெரிஞ்சும் ஏன் தினமும் கேக்கீங்க?"

"வேற எந்து கேட்டா நீ ஒரு நிமிஷம் நிக்கும்?"

பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன். மகன் துபாயில். வீட்டில் சேச்சி ஒருவர்தான்.

ஜூன் 15, ஞாயிறு

சேச்சியையும் அழைத்துக்கொண்டு விழிஞ்ஞம். புது வீட்டில் ஜன்னல் கொக்கிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். சுவரைத் தடவினார். ஈரம் இல்லை. "கொள்ளாம்" என்றார்.

இவர் பதறி என் காதில், "ஏளா, இடம் கொள்ளாதாமா? ஒரு கட்டிலும் பீரோவும்தான நம்மட்ட இருக்கு?"

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

சொல்லின் அர்த்தம் தெரிந்தது. ஆனால் சொன்னவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நன்றாக மூடியிருந்த குழாயை மறுபடி மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார்.

இவர் வீட்டு உரிமையாளரிடம் சரி சொல்லிவிட்டார். எனக்கும் மறுக்கக் காரணம் இல்லை. அடுத்த வாரம் மாறுகிறோம்.

திரும்பும் பஸ்ஸில் சேச்சி ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே வந்தேன். மகன் எப்போது வருவான், முழங்கால் எப்படி இருக்கிறது, மீன் யாரிடம் வாங்குவீர்கள். முதலில் ஒவ்வொரு வார்த்தையாகப் பதில். பிறகு மகனின் கல்யாணக் கதை, சம்பந்தி சண்டை, எல்லாம். கடைசி நிறுத்தமான கிழக்கேகோட்டை வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. பஸ் காலி. இவர் கீழே நின்று கையசைக்கிறார். கண்டக்டர் வந்து கம்பியில் தட்டினார்.

"எறங்கணில்லே?"

"ஒரு நிமிஷம்" என்றார் சேச்சி. கதை பாதியில் இருந்தது.